கழுகுமலைக்குக் கிளம்பி கரிசல்ல சைக்கிள் சுமந்த கதை (ஹேங்கர் ஒடஞ்சிட்டு, உதவி வேணும்)

ரதவீதி ரைடர்
திங்கள், காலை 6:48

எல்லாருக்கும் வணக்கம். பெருசாத்தான் எழுதப் போறேன், காப்பி வச்சிக்கிட்டு வாசிங்க. கடைசில மூணு கேள்வி இருக்கு, அவசரக்காரங்க நேரா அங்க போயிரலாம்.

நேத்து நாங்க நாலு பேரு போனோம். நான், தச்சநல்லூரான் (இங்கயும் இருக்கான், வருவான் பாருங்க, வந்து பொய் சொல்லுவான்), ஒரு கணக்கு வாத்தியாரு, அவரு மச்சினன் காலேஜ் பையன். எனக்கும் வாத்தியாருக்கும் 27.5 இன்ச் பைதா ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் ஷாக் இருக்குற வண்டி), தச்சநல்லூரானுக்கு 29, பையனுக்கு யாரோ பழசுக்குக் குடுத்த 26 இன்ச் வி-பிரேக் (ரிம்மப் பிடிக்குற பிரேக்) வண்டி.

புதன், வியாழன் நல்ல மழை. வெள்ளி தூறல். சனிக்கிழமை சாயங்காலம் வெயிலே அடிச்சிட்டு. அதப் பாத்துதான் மோசம் போனோம். திருநெல்வேலி வண்ணார்பேட்டைல ரோடு காஞ்சு கெடந்தா கயத்தாறு காடும் காஞ்சிருக்கும்னு நெனச்சது என் புத்தி.

பிளான் என்னன்னா வெள்ளன 5 மணிக்குக் கிளம்பி தாழையூத்து, கங்கைகொண்டான், அப்படியே நாலுவழிச்சாலை ஓரமா கயத்தாறு, ஒரு 28 கிலோமீட்டர் வரும், அங்க கட்டபொம்மனத் தூக்குல போட்ட எடத்துல (1799 அக்டோபர் 16) மணிமண்டபத்துப் பக்கம் ஒரு டீ, பொறவு தார் ரோட்ட விட்டுட்டு காட்டு வழியா வடக்க கழுகுமலை. மேல ஏறி வெட்டுவான் கோயிலையும் சமணர் சிலைகளையும் பாத்துட்டு திரும்ப வேண்டியது. அந்தக் காட்டு வழிய நான்தான் ஒரு வாரமா போன்ல சாட்டிலைட் படத்தப் பெருசாக்கிப் பெருசாக்கி கோடு போட்டு வச்சிருந்தேன். வெளுப்பா, நேரா, நூல் பிடிச்ச மாதிரி கெடந்துச்சு பாதை.

கயத்தாறு வரைக்கும் ஒரு குறையும் இல்ல. மார்கழிப் பனி மூக்குல ஏறுது, ஊருக்கு ஊரு கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு, மான் சரணாலயத்துப் பக்கம் மயிலு ரோட்டக் கடக்குது. டீ குடிச்சோம், கோவில்பட்டி கடலைமிட்டாய் ஆளுக்கு ரெண்டு பாக்கெட் சட்டைப்பையில போட்டோம். அப்புறம் காத்தாடிக் காடு. ஒவ்வொரு காத்தாடிக்கும் கிரேன் போகணும்னு சரள் அடிச்சு ரோடு போட்டுருக்காவல்லா, அதுல போறது சொர்க்கம் வே. மூணு கிலோமீட்டர் பறந்தோம், வாத்தியார் பாட்டே படிக்க ஆரம்பிச்சிட்டாரு. நான் போனக் காமிச்சு, இப்படியே போனா ஒரு மணி நேரத்துல மலைன்னு சொல்லி வாய மூடல, ரோடு ஒரு காத்தாடிக்குக் கீழ வந்து நின்னுட்டு. அது காத்தாடிக்குப் போட்ட ரோடு, கழுகுமலைக்குப் போட்டது இல்லைல்லா. அதுக்கு அங்கிட்டு வண்டிப்பாதை. கருகருன்னு.

மொத பத்து மீட்டர் ஒண்ணும் தெரியல, மேல காஞ்ச பொருக்கு. அடுத்த பத்து மீட்டர்ல பைதா கனக்குது. அதுக்கடுத்து பைதாவயே காணல, மண்ணுதான் சுத்துது. டயர்ல ஒட்டுனது ஃபோர்க் இடுக்குல போய் அப்புது, அப்புனதுமேல அடுத்த சுத்து ஒட்டுது, நடுவுல பாதையில கெடந்த வைக்கோலும் புல்லும் சேந்து, மண்செவரு வைக்கக் கொழச்ச மாதிரி ஆயிட்டு. பையன் வண்டிதான் மொதல்ல நின்னுது, வி-பிரேக் கட்டைக்கு மேல ஒரு கொழுக்கட்டை. அடுத்து வாத்தியாரு. நான் மட்டும் விடல. பெடல் கனக்க கனக்க, எந்திரிச்சு நின்னு ஏறி மிதிச்சேன். டப்புன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா டிரெய்லியர் (கியர் மாத்துற பாகம்) பின்பைதா கம்பிகளுக்குள்ள போய் மேல தூக்கிக்கிட்டு நிக்கி, அத ஃபிரேமோட பிடிச்சிருக்குற ஹேங்கர் ரெண்டு துண்டு.

தள்ளலாம்னு இறங்குனா ஷூல மண்ணு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு இன்ச் ஒசரமாவேன். சரின்னு தூக்குனோம். 14 கிலோ வண்டி, மண்ணோட என்ன எடைன்னு போட்டுப் பாக்கல, தோளுக்குத் தெரியும். அந்நேரம் பாசிப்பயறு காட்டுக்குப் போற ஒரு ஆச்சி, செருப்பு ரெண்டையும் கையில புடிச்சிக்கிட்டு வெறுங்கால்ல பைய வாராவ. எங்களப் பாத்து நின்னுட்டாவ. "சைக்கிளு ஒங்கள சொமக்கணும்யா, நீங்க அத சொமக்கீயளே"ன்னாவ. சிரிக்கல, நெசமாவே வருத்தமாக் கேட்டாவ. பொறவு, "மொதல்ல கால்ல கெடக்கதக் கழட்டுங்க, மழைக்குப் பொறவு கரிசல்ல எவனாவது செருப்பு போட்டு நடப்பானா"ன்னு ஏச்சு. கழட்டுனோம். வெறுங்கால்ல கால் வழுக்குச்சே தவிர ஒட்டல. அப்புறந்தான் நடையே வந்துச்சு.

1.8 கிலோமீட்டர் தாண்ட ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம். பனமட்டைய ஒடிச்சி ஒடிச்சி மண்ண வழிச்சோம் (கருக்கு கையக் கிழிச்சிட்டு, அது தனிக் கதை). தார் ரோட்டுக்கு வந்து செயினக் கட் பண்ணி சிங்கிள் ஸ்பீடா ஆக்கிப் பாத்தேன், அரை கிலோமீட்டர்ல செயின் தானா பெரிய பல்லுக்கு ஏறி இறுகிட்டு. கடைசில என் வண்டியும் நானும் குட்டியானைல ஊரு வந்தோம். கழுகுமலைய தூரத்துல பாத்ததோட சரி.

சாயங்காலம் பைக், கார் கழுவுற ஒரு சர்வீஸ் ஸ்டேஷன்ல குடுத்து பிரஷர் பம்பால அடிச்சி வாங்குனேன். அஞ்சு நிமிஷத்துல புது வண்டி. ராத்திரி பின்பைதாவ சுத்திப் பாத்தா கரகரன்னு மண்ணரைக்குற சத்தம்.

கேள்வி: ஹேங்கர் எது வாங்கினாலும் பொருந்துமா? பின்ஹப் (பின்பைதா நடு அச்சு) போச்சா, இருக்கா? மழை விட்டு எத்தன நாள் கழிச்சி அந்தப் பாதையில போகலாம்?

---

தச்சநல்லூரான்
திங்கள், காலை 7:31

பொய் சொல்லுவேனாம்ல. சரி, இவன் சொல்லாம விட்டத நான் சொல்லுதேன்.

1. கயத்தாறு டீக்கடைல மாஸ்டர் தெளிவாச் சொன்னாரு, "காட்டுப் பக்கம் இறங்காதீய தம்பி, டிராக்டரே ரெண்டு நாளா இறங்கல"ன்னு. அதுக்கு நம்ம ஆளு சொன்ன பதிலு: "டிராக்டர் வெயிட்டு வேற அண்ணாச்சி, சைக்கிள் வெயிட்டு வேற." மாஸ்டர் ஒண்ணும் பேசல, டீய ஆத்த ஆரம்பிச்சிட்டாரு.

2. 1.8 இல்ல, என் ஜிபிஎஸ்ல 1.1.

3. ஹேங்கர் ஒடஞ்சதும் இவன் அப்படியே சாஞ்சி ஓடைக்குள்ள விழுந்தான். கண்ணு ரெண்டு மட்டும் வெள்ளை. வாத்தியாரு போட்டோ எடுத்துருக்காரு, கேட்டா தரேன்.

4. நான் அந்தக் காத்தாடிக் கீழயே நின்னு சொன்னேன், தார் ரோட்டுலயே போவோம்னு. "அப்ப எதுக்குல எம்டிபி (மலை, காட்டுல ஓட்டுற சைக்கிள்) வாங்குன?"ன்னு கேட்டான்.

---

ரதவீதி ரைடர்
திங்கள், காலை 7:40

மூணாவது மட்டும் உண்மை.

---

பருத்திக்காட்டான்
திங்கள், காலை 9:15

அந்தப் பக்கத்துக்காரன் நான், அதனால கொஞ்சம் சொல்லிருதேன்.

கரிசல் மண்ணுல இருக்குற களி சாதாரணக் களி இல்ல, மாண்ட்மோரில்லோனைட்டுன்னு சொல்லுவாவ, அக்ரி படிக்கும்போது பரீட்சைக்கு உருப்போட்டது இன்னும் மறக்கல. ஏடு ஏடா அடுக்குன மாதிரி இருக்கும். ஏட்டுக்கு ஏடு நடுவுல தண்ணி போய் உக்காந்துக்கிடும். அதான் மழைக்கு உப்பும், கோடைல சுருங்கி கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். அந்தத் தண்ணிய அது லேசுல விடாது. விடாததுனாலதான் கெணறு, வாய்க்கால் ஒண்ணும் இல்லாம ஐப்பசி கார்த்திகை மழைய மட்டும் நம்பி நாங்க உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம்னு எடுக்கோம். ஒமக்கு வண்டிய நிப்பாட்டுன அதே கொணம்தான் எங்களுக்குச் சோறு போடுது பாத்துக்கிடுங்க.

மேல காஞ்சிருக்கேன்னு நம்பக் கூடாது. மேல பொருக்கு, கீழ அல்வா. எத்தன நாள்னு கேட்டா அது வெயிலையும் காத்தையும் பொறுத்தது, மார்கழில ரெண்டுமே கம்மி, பனி வேற எறங்குது, பத்து நாளாவது ஆவும். நாங்க பாக்குறது ஒண்ணுதான்: ஆடு நடந்த தடத்தோட விளிம்ப வெரலால தட்டுனா உதிரணும். அமுங்குச்சின்னா திரும்பிப் போயிரணும்.

சாட்டிலைட் படத்துல வெளுப்பா தெரிஞ்சதுன்னீங்களே, அது கோடைல எடுத்த படமாத்தான் இருக்கும். சித்திரைல அந்தப் பாதை புழுதியாப் பறக்கும், சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாவும் இருக்கும். மார்கழில அதே பாதை வேற பாதை.

இன்னொண்ணு, கோவப்படாதீய. பாதையில சேறா இருக்குன்னு பொழி (காட்டு வரப்பு) மேல ஏறிப் போனீங்களா? நெறைய பேரு பைக்குல அப்படிப் போறான். டயர் தடம் விழுந்தா அடுத்த மழைக்குத் தண்ணி அந்தத் தடத்தப் புடிச்சே ஓடி பொழிய அறுத்துரும். வெதச்ச காட்டுல மண்ணு போனா போனதுதான். ஈர மண்ணுல ஒரு தடவ அழுந்துனா அந்த எடம் கெட்டிப்பட்டு வேரும் எறங்காது.

---

ரதவீதி ரைடர்
திங்கள், காலை 9:52

அண்ணாச்சி, உண்மையச் சொல்லுதேன், ஒரு அம்பது மீட்டர் பொழி மேல நடந்தோம். ஓட்டல, வண்டி தோள்ல. ஆனா நாலு பேரு மிதிச்சதுதான. தப்புதான்.

---

பருத்திக்காட்டான்
திங்கள், காலை 10:03

நடந்ததுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, நாங்களும் அதுலதான் நடக்கோம். ஓட்டாம இருந்தா சரி.

---

ஓஎம்ஆர் ஒலகநாதர்
திங்கள், காலை 11:20

ப்ரோ இதெல்லாம் டயர் பிரச்சனை. கட்டை அகலமா விட்டுவிட்டு இருக்குற மட் டயர் போட்டு, காத்து இறக்கி 20 பிஎஸ்ஐல வச்சிருந்தா வந்திருக்கும். 29 வண்டிக்கு இன்னும் ஈசி. ஸ்டாக் டயர்ல போயிட்டு மண்ண கொறை சொன்னா எப்படி

---

பழைய செயின்
திங்கள், மதியம் 1:05

ஒலகநாதர் தம்பி, ஒம்ம சேறு வேற, இந்தச் சேறு வேற. மட் டயர்ல கட்டைக்கு நடுவுல எடம் விட்டுருக்குறது எதுக்கு? சுத்துற வேகத்துல சேறு தானா தெறிச்சுப் போவணும்னு. செம்மண்ணு, மணல் கலந்த சேறு தெறிக்கும். கரிசல் தெறிக்காது, ஒட்டும். அகலமான டயரு போட்டா ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவுல இருக்குற சந்து இன்னும் கொறையும், இன்னும் வெரசா நிக்கும். தச்சநல்லூரானோட 29ம் நின்னுச்சா இல்லையா, கேளும்.

ஐரோப்பாவுல பனிக்காலத்துல சைக்ளோகிராஸ்னு ஒரு ரேஸ் நடக்கும், பாத்துருப்பீய. வளைஞ்ச ஹேண்டில், டயரு 33 மில்லிமீட்டருக்கு மேல கூடாதுன்னு யூசிஐ (உலக சைக்கிள் சங்கம்) சட்டம், சேறுன்னா அப்படி ஒரு சேறு. அவ்வளவு பெரிய ரேஸர்களே என்ன பண்ணுதாவ? ரவுண்டுக்கு ரவுண்டு பிட்ல வந்து வண்டிய மாத்திக்கிடுதாவ. அவிய ஓட்டுற நேரத்துல மெக்கானிக் இன்னொரு வண்டியக் கழுவி ரெடியா வச்சிருக்கான். வழி இல்லாத எடத்துல தோள்ல போட்டு ஓடுதாவ. டயராலயே தீர்ற காரியம்னா எதுக்கு ரெண்டு வண்டி?

இப்ப ரதவீதிக்கு. முப்பது வருஷம் கடை வச்சிருந்தவன், கேட்டுக்கிடும்.

ஹேங்கர் கண்டதும் பொருந்தாது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு அச்சு. ஒடஞ்ச ரெண்டு துண்டையும் தூக்கிப் போடல்லைல்லா? அத ஒரு வெள்ளைத் தாள்ல வச்சி, பக்கத்துல ஸ்கேல் வச்சி மேலருந்து நேரா போட்டோ எடும். ஸ்குரூ ஓட்டை எத்தன, எங்கன இருக்கு, நடுவுல தூரம் என்ன, இது மூணும் ஒத்துப் போகணும். 2019க்குப் பொறவு யூடிஹெச்னு (யுனிவர்சல் டிரெய்லியர் ஹேங்கர்) எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு வந்துருக்கு, ஆனா அது அதுக்குன்னே செஞ்ச புது ஃபிரேமுக்குத்தான், ஒம்ம வண்டிக்கு இல்ல. வாங்கும்போது ரெண்டா வாங்கும். ஒண்ண சீட்டுக்குக் கீழ பையில போட்டு வையும்.

ஒடஞ்சது நல்லதுக்குத்தான். அது ஒடையணும்னுதான் மெத்து அலுமினியத்துல செஞ்சிருக்கான். அது ஒடையலன்னா ஃபிரேம் காதே பிஞ்சிருக்கும்.

சிங்கிள் ஸ்பீடு ஏன் வேலை செய்யலன்னா, கேசட் (பின்பைதா பல்சக்கர அடுக்கு) பல்லு ஓரத்துல செயின் ஏறுறதுக்குன்னே சரிவு வெட்டிருக்கும். செயின் கொஞ்சம் கோணலா போனாலும் இழுத்துக்கிட்டு அடுத்த பெரிய பல்லுக்கு ஏறிரும், ஏறுனா நீளம் பத்தாது, இறுகும். முன்னாடி எந்தப் பல்லோ, அதுக்கு நேர்கோட்டுல பின்னாடி எந்தப் பல்லு வருதோ அதுலதான் போடணும். ஸ்பீடுக்கு ஆசப்பட்டு சின்னதுல போட்டுருப்பீரு.

ஹப் விஷயம். பிரஷர் பம்பு அடிக்குற எடத்துல சைக்கிள நிப்பாட்டவே கூடாது. அந்த வேகத்துல தண்ணி சீலத் தாண்டி உள்ள போவும், இருக்குற கிரீஸ வெளிய தள்ளும், போவும்போது அரைச்ச களியையும் கூட கூட்டிக்கிட்டுப் போவும். அந்தக் கரகர அதுதான். அந்தக் கடைக்காரனச் சொல்லி என்ன, அவன் லாரி கழுவுறவன். நீரு ஓட்டாதீரும். கோன (குண்டு உக்காந்து சுத்துற கூம்பு) கழட்டி பேரிங் குண்டெல்லாம் எடும், பின்பைதான்னா பக்கத்துக்கு 9, கால் இன்ச். டீசல்ல கழுவி கோன் மேல நகத்தால தடவிப் பாரும். வழவழன்னு இருந்தா பொழச்சீரு, குழி விழுந்துருந்தா கோனோட மாத்தணும். குண்டு பழசப் போடாதீரும், வெலை ஒண்ணும் பெருசில்ல. பெடல் அச்சு, ஹெட்செட் ரெண்டையும் அப்படியே பாத்துரும், ரெண்டுலயும் தண்ணி போயிருக்கும்.

---

பாளை நர்ஸ்
திங்கள், மதியம் 2:40

எல்லாரும் வண்டியவே பாக்கீங்க. கை கிழிஞ்சதுன்னு ஒரு வரி எழுதிட்டு போயிட்டாரு, அதப் பத்தி ஒருத்தரும் கேக்கல.

தம்பி, கருக்கு கிழிச்ச காயத்தோட சேத்துல விழுந்துருக்கீங்க, ஓடையில வேற. மொதல்ல டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்ப போட்டீங்கன்னு பாருங்க. அழுக்குக் காயம், கடைசியா போட்டு அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா இன்னைக்கே போய் போட்டுருங்க. ரெண்டாவது எலிக்காய்ச்சல். மழைத்தண்ணில எலி, மாட்டு மூத்திரம் கலந்துருக்கும், வெட்டுக்காயம் வழியா கிருமி உள்ள போயிரும். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தெரியும், ஒரு மாசம் வரைக்கும்கூட ஆவலாம். காய்ச்சல், கெண்டைக்கால்ல தாங்க முடியாத வலி, கண்ணு செவந்தா கடையில மாத்திரை வாங்கிப் போடாம ஆஸ்பத்திரிக்குப் போய் "இந்த மாதிரி சேத்துல விழுந்தேன்"னு நீங்களா சொல்லுங்க. சொன்னாத்தான் டாக்டருக்கு அந்தப் பக்கம் யோசனை போவும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பொறவு கால் புண்ணோட வந்தவங்கள நெறைய பாத்துருக்கேன்.

வெறுங்கால்ல நடந்தது ஆச்சி சொல்லுக்குச் சரி, ஆனா அவங்க கால் வேற, உங்க கால் வேற. விரலிடுக்க நல்லா கழுவித் தொடைச்சு காய விடுங்க, இல்லன்னா சேத்துப்புண்ணு வந்து ஒரு வாரம் நொண்டணும்.

---

ரதவீதி ரைடர்
திங்கள், மதியம் 3:02

அக்கா, ஊசி எப்ப போட்டேன்னு ஞாபகமே இல்ல. இப்பவே கிளம்புதேன். வாத்தியாருக்கும் போன் போட்டு சொல்லிட்டேன், அவருக்கும் கையில கீறல் இருக்கு.

---

ஷார்ஜா ஷட்டில்
திங்கள், இரவு 8:17

வாசிச்சிட்டு சிரிப்ப அடக்க முடியல, கூடவே ஊரு நெனப்பு. எங்க ஊரு எட்டயபுரம் பக்கம், அதுவும் முழுக் கரிசல். எங்கப்பா ஐப்பசி பொறந்ததும் சைக்கிள் மட்கார்டு ரெண்டையும் கழட்டி பரண்ல போட்டுருவாரு. தை பொறந்தாத்தான் திரும்ப மாட்டுவாரு. ஊருல பாதி சைக்கிள் அப்படித்தான் மொட்டையா திரியும். முதுகெல்லாம் சேறா வந்து அம்மாட்ட ஏச்சு வாங்குவோம், ஆனா மட்கார்டு இருந்தா வண்டியே சுத்தாது. நாங்க ஸ்கூலுக்குப் போறப்ப ஹேண்டில்ல ஒரு சிரட்டைத் துண்டு கட்டித் தொங்கும், மண்ணு வழிக்க. பனமட்டைய விட அதுதான் தோது, வளைவா இருக்கும், கையும் கிழியாது.

அப்ப எவனும் அத எம்டிபின்னு சொல்லல 😄

---

ஓஎம்ஆர் ஒலகநாதர்
திங்கள், இரவு 9:44

சரி ஒத்துக்கிறேன், சைக்ளோகிராஸ் மேட்டர் தெரியாது. ஆனா ஒரு டவுட்டு. சேத்த ஈரமா இருக்கும்போதே கழுவணுமா, காயவிட்டு தட்டணுமா? எங்க குரூப்ல இதுக்கு பெரிய சண்டையே நடக்குது

---

பழைய செயின்
செவ்வாய், காலை 6:20

ரெண்டு கட்சியும் பாதி சரி. ஃபிரேம், டயரு, ஃபோர்க்ல ஒட்டுன கரிசல காய விட்டாத்தான் சொகம். காஞ்சா சுருங்கும், தானா வெடிச்சு ஓடு ஓடா வரும், ரப்பர் சுத்தியால லேசா தட்டுனா கொட்டிரும். செம்மண்ணு அப்படி இல்ல, காஞ்சா கறையாப் பிடிச்சிரும், ஈரத்துலயே கழுவிரும். ஆனா செயின், கேசட், டிரெய்லியர், பிரேக் இதெல்லாம் எந்த மண்ணா இருந்தாலும் அன்னைக்கே. வாளித் தண்ணி, பழைய டூத்பிரஷ், சோப்புத்தூள், போதும். செயினக் கழுவி நல்லாத் தொடச்சி, காஞ்சப் பொறவு எண்ணெய் விடணும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் விடுறவன் இன்னமும் இருக்கான், அது நாளாக நாளாகப் பிசினாயிரும்.

டிஸ்க் மேல எந்த ஸ்பிரேயும் அடிக்காதீய. அடிச்சா பேடு எண்ணெயக் குடிச்சிரும், பொறவு பிரேக்கு அழும், பிடிக்காது. மழைக்காலத்துல நெறைய ஓட்டுறவன் ரெசின் பேடுக்குப் பதிலா மெட்டல் பேடு போட்டுக்கிடலாம், சத்தம் கொஞ்சம் இருக்கும், ஆனா சேத்துல அவ்வளவு சீக்கிரம் தேயாது.

---

தேரிக்காட்டுப் பொண்ணு
செவ்வாய், காலை 10:31

நான் திசையன்விளை. ஒருத்தரும் எங்க பக்கத்தப் பத்திப் பேசலையேன்னு வந்தேன்.

மழைக்காலத்துல ஓட்டணும்னா கரிசலுக்கு எதுக்குப் போறீங்க, தேரிக்கு வாங்க. கோடைல வந்து பாத்துட்டு "ஐயோ மணலு, டயர் பொதையுது"ன்னு ஓடிப் போறவங்கதான் ஜாஸ்தி. அதே செம்மணலு மழை பெஞ்சு மறுநாள் நல்லா இறுகிக் கெடக்கும். கடற்கரைல தண்ணி ஓரமா நடக்க லேசா இருக்கும்ல, அதே கதைதான். ஈரத்துல மணலுக்கு மணலு பிடிச்சிக்கிடும், களி கெடையாது, ஒட்டாது, தண்ணியும் நிக்காம உள்ள இறங்கிரும். மழை விட்டு ஒரு ராத்திரி போதும். நானும் என் அண்ணனும் போன கார்த்திகைல இடையன்குடி, உவரி பக்கம் பனங்காட்டுக்குள்ள 30 கிலோமீட்டர் ஓட்டுனோம், செயின்ல மணல் தவிர ஒரு தொந்தரவும் இல்ல. மணல் செயின அரைக்கும், அது உண்மை, வந்ததும் கழுவணும்.

முள்ளு மட்டும் பாத்துக்கிடணும். உடைமுள்ளு டியூப விடாது. டியூப்லெஸ்ல சீலண்டு (ஓட்டைய தானா அடைக்குற திரவம்) ஊத்திட்டு வாங்க, இல்லன்னா பஞ்சர் ஒட்டியே பொழுது போயிரும்.

---

கடையம் கேரியர்
செவ்வாய், காலை 11:08

தேரி எதுக்கு, மலை எதுக்கு இருக்கு? மணிமுத்தாறு மேல மாஞ்சோலைக்குப் போங்க, மழைல சூப்பரா இருக்கும், அட்டை கடிக்கும் அவ்வளவுதான்

---

அட்மின் அண்ணாச்சி
செவ்வாய், காலை 11:30

கேரியர் தம்பி, அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாம செக்போஸ்ட் தாண்ட முடியாது, காட்டுக்குள்ள சைக்கிள் விடுறது பேச்சுக்கே எடமில்ல. இந்த இழைல அந்த யோசனை வேண்டாம். தேரிலயும் ரிசர்வ் காடு எது, பட்டா நெலம் எதுன்னு உள்ளூர்க்காரங்கள கேட்டுட்டு இறங்குங்க, குதிரைமொழி தேரிப் பக்கம் ரிசர்வ் இருக்கு.

---

தேரிக்காட்டுப் பொண்ணு
செவ்வாய், மதியம் 12:15

ஆமா அண்ணாச்சி. நாங்க ஊருக்கு ஊரு போற பனங்காட்டுப் பாதையிலதான் போறது. பதநீ எறக்குற சீசன் இப்ப இல்ல, காடு அமைதியாத்தான் கெடக்கும்.

---

ரதவீதி ரைடர்
வெள்ளி, இரவு 7:55

அப்டேட்.

டிடி போட்டாச்சு. காய்ச்சல் இல்ல, கெண்டைக்கால் வலிக்கு, ஆனா அது சைக்கிள் சுமந்த வலியா எலி வலியான்னு தெரியாம மூணு நாள் பயந்துக்கிட்டு கெடந்தேன். இப்ப கொறஞ்சிட்டு. அக்காவுக்கு நன்றி.

ஹப்பக் கழட்டுனேன். உள்ள கிரீஸ் இருந்த எடத்துல சாம்பல் கலர்ல கூழு. வலது பக்கக் கோன்ல குழி விழுந்துட்டு, இடது நல்லாருக்கு. கோனும் குண்டும் டவுன்ல ஒரு பழைய கடைல கெடச்சிட்டு, கடைக்காரரு பெரியவரு, கேள்வியே கேக்காம டப்பாவ எடுத்துப் போட்டாரு. ஹேங்கர்தான் சோதனை. போட்டோ எடுக்காம ஆன்லைன்ல ஒண்ணு ஆர்டர் போட்டேன் (பழைய செயின் அண்ணாச்சி மன்னிக்கணும், உங்க பதிவ வாசிக்கிறதுக்கு முந்தியே போட்டுட்டேன்), வந்தது ஓட்டை ஒரு நூல் தள்ளி இருக்கு. இப்ப ஸ்கேல் வச்சி போட்டோ எடுத்து ரெண்டா சொல்லிருக்கேன்.

பையனோட 26 வண்டி ஒண்ணும் ஆகல தெரியுமா. வி-பிரேக்க அவுத்து விட்டுட்டு தள்ளிக்கிட்டே வந்துட்டான். மொதல்ல நின்ன வண்டிதான், ஒண்ணும் ஆகாத வண்டியும் அதுதான். நின்னதும் அவன் மிதிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம்.

கழுகுமலைய விடப் போறதில்ல. தை கடைசில, பருத்திக்காட்டான் அண்ணாச்சி சொன்ன ஆட்டுத் தடம் பாத்துட்டு.

---

தச்சநல்லூரான்
வெள்ளி, இரவு 8:10

வாத்தியாரு எடுத்த போட்டோவ இங்க போடவா?

---

ரதவீதி ரைடர்
வெள்ளி, இரவு 8:11

போட்ட, அந்த 29ஐ பிரஷர் பம்பு கடைக்குக் கொண்டு போயிருவேன்.

---

பருத்திக்காட்டான்
சனி, காலை 7:02

இன்னைக்கு விடியக்காலைல திரும்ப ஒரு மழை. வாசல்ல நின்னு பாத்தேன், ஆட்டுத் தடத்துல தண்ணி நிக்கி. ஆச்சி யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன், எங்க தெரு ஆளுதான். நாலு பேரும் ஊரு போய்ச் சேந்தாவளான்னு கேட்டாவ.

---

ரதவீதி ரைடர்
சனி, காலை 7:26

சேந்துட்டோம்னு சொல்லுங்க அண்ணாச்சி. தைல வரும்போது அவியளுக்கு அல்வா வாங்கிட்டு வாரேன்.

---

தேரிக்காட்டுப் பொண்ணு
சனி, காலை 9:40

அப்ப நாளைக்கு யாரும் தேரிக்கு வரலையா? இங்கயும் நேத்து ராத்திரி நல்லா பெஞ்சிருக்கு.

---

தச்சநல்லூரான்
சனி, காலை 9:43

நானும் வாத்தியாரும் பையனும் வாறோம். காரு மேல மூணு வண்டிதான் ஏறும்.